ஓர்லாண்டினா அத்தையின் இருநூற்றுப் பன்னிரண்டு அழைப்புகள்

எங்கள் ஊரில் ஒருவர் உங்களிடம் "ஒரு நாள் வீட்டுப் பக்கம் வாங்க" என்று சொன்னால், பேச்சு முடிந்தது, கிளம்பலாம் என்று பொருள். நீங்கள் "கண்டிப்பா வர்றேன்" என்று சொல்ல வேண்டும். பிறகு அவர் தன் வழியில் போவார், நீங்கள் உங்கள் வழியில் போவீர்கள். வீடு எங்கே என்று அவர் சொல்ல மாட்டார், நீங்களும் கேட்கக் கூடாது. கேட்டால் வளர்ப்பு சரியில்லை என்பார்கள். எண்பத்தைந்து லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பிரேசில் நாடு, ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் வந்து விழாமல், அதே சமயம் அன்பும் குறையாமல் நடந்துகொண்டிருப்பது இந்த ஒழுங்கினால்தான்.

இந்த ஒழுங்கை முப்பத்தொரு வருஷம் நோட்டுப் போட்டு எழுதி வைத்தவள் ஓர்லாண்டினா அத்தை.

எனக்கு மட்டும் அத்தை இல்லை. உருகுவாய் எல்லையில் தொடங்கி அமேசான் காட்டில் முடிகிற நெடுஞ்சாலை எங்கள் பெத்ரா லீசா வழியாகத்தான் போகிறது. அதன் ஓரத்தில் கிளாரிஸ்முண்டோவின் பெட்ரோல் பங்க். பங்கை ஒட்டி அவருடைய சாப்பாட்டுக் கடை. கடையில் காபி பிளாஸ்குகளுக்கும் சீஸ் பன் தட்டுகளுக்கும் பின்னால் அத்தை. அந்தச் சாலையில் லாரி ஓட்டுகிற ஒவ்வொருவருக்கும் அவள் அத்தை. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை வந்தவன் மறுபடி வந்தாலும், சர்க்கரை எத்தனை கரண்டி என்று கேட்க மாட்டாள். நேராகப் போட்டுவிட்டு, "கொழந்தைக்குப் பல் மொளச்சிதா?" என்பாள். அந்தக் குழந்தை அதற்குள் மீசை வைத்திருக்கும்.

அவள் மட்டும் எங்கும் போனதில்லை. பித்தப்பை அறுவைக்காகக் கொயானியா மருத்துவமனைக்கு ஒருமுறை போனாள். அவள் பார்த்த ஒரே பெருநகரம் அது. அதையும் பாதி மயக்கத்தில்தான் பார்த்தாள்.

ஆனால் நாடு முழுவதும் அவள் முன்னால் வந்து நின்று காபி குடித்தது. குடித்துவிட்டுப் போகும்போது, "அத்தை, எங்க ஊர்ப் பக்கம் ஒரு தடவை வாங்க" என்றது. லாரி நகர்ந்ததும் அத்தை மேசைக்கு அடியிலிருந்து நோட்டை எடுப்பாள். பெயர், ஊர், ஏற்றி வந்த சரக்கு, சொன்ன வார்த்தை. முப்பத்தொரு வருஷத்தில் பதினேழு நோட்டு.

சென்ற நவம்பரில் அறுபத்திரண்டு வயது முடிந்து அரசு ஓய்வூதியம் வந்ததும், கடைக்கு நடுவில் நின்று அறிவித்தாள்: "நான் பிரேசிலைச் சுத்திப் பாக்கப் போறேன். ஆறு மாசம். தெக்கேயிருந்து வடக்கே."

"தங்கறது எங்கே? நட்சத்திர ஹோட்டலா?" என்றார் கிளாரிஸ்முண்டோ. கல்லாவை விட்டு எழாமலே கிண்டல் செய்யக்கூடியவர்.

"ஹோட்டல்ல என்னை யார் கூப்பிட்டா? கூப்பிட்ட வீட்டுக்குத்தான் போவேன்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்த லாரிக்காரர்கள் மட்டும் சிரிக்கவில்லை.

அன்று மாலையே எனக்கு ஆள் வந்தது. நான் பெத்ரா லீசாவிலிருந்து பதினான்கு கிலோமீட்டர் உள்ளே, மாட்டுப் பண்ணைக் குடியிருப்பில் வளர்ந்தவன். எங்கள் வம்சத்தில் பல்கலைக்கழகப் படியேறிய முதல் ஆள். புவியியல் பட்டதாரி. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. என் அம்மா பால் ஊற்றும் இடத்தில் சொல்லிக்கொள்வதில் பாதிகூட நான் சொல்வதில்லை. எங்கள் பக்கம் பட்டம் வாங்கிய எவனும் டாக்டர்தான்; ஊசி போடத் தெரிய வேண்டியதில்லை. படித்த நான்கு வருஷமும் திங்கட்கிழமை விடியற்காலை பஸ்ஸுக்கு நான் காத்திருந்தது அந்தக் கடையில்தான். ஒரு நாள்கூட அத்தை என்னை வெறும் வயிற்றோடு பஸ் ஏற விட்டதில்லை.

"டாக்டர், இந்தப் பதினேழு நோட்டையும் ஒரு ஒழுங்கு பண்ணிக் குடு. எந்த ஊருக்கு எப்பப் போகணும், எதுல போகணும், எல்லாம் படிச்ச புள்ளை நீதான் சொல்லணும்."

நான் தயங்கியபடி சொன்னேன்: "அத்தை, கோவிச்சுக்காதீங்க. வாங்கன்னு சொல்றது ஒரு மரியாதைக்குத்தானே? நம்ம ஊர்லயே..."

"நம்ம ஊர்லயா? நம்ம ஊர்க்காரன் வான்னு சொன்னா போன்னு அர்த்தம். அது எனக்குத் தெரியாதா? இந்த எடத்தைப் படி." ஒரு பக்கத்தைத் திறந்து விரலை வைத்தாள். "பெலேம்காரன். என்ன சொல்லியிருக்கான்? மரவள்ளிச் சாத்துல வாத்து செஞ்சு தர்றேன்னு சொல்லியிருக்கான். சும்மா மரியாதைக்குச் சொல்றவன் வாத்தை எதுக்கு இழுக்கறான்?"

இதற்குப் பல்கலைக்கழகத்தில் பதில் சொல்லிக்கொடுக்கவில்லை.

நோட்டுகளைப் புரட்டியபோது எனக்கு வியப்பாக இருந்தது. அத்தையிடம் ஒரு முறை இருந்தது. வெறுமனே "வாங்க" என்றவர்களை எழுதி, மேலே ஒரு கோடு கிழித்திருந்தாள். என்ன சமைப்போம் என்று சொன்னவர்களுக்கு ஒரு நட்சத்திரம். சமையலோடு, "என் பொண்டாட்டி ரொம்பச் சந்தோஷப்படுவா" என்று மனைவியையும் சேர்த்துச் சொன்னவர்களுக்கு இரண்டு நட்சத்திரம். குயாபாவில் ஆற்று மீன் வறுவல், கருவாருவில் வெயிலில் உலர்த்திய ஆட்டுக்கறி, தெற்கே பஜேயில் நெருப்பைச் சுற்றி நட்டு வைத்துச் சுடும் செம்மறி விலா. கோடு போட்டவர்களைக் கழித்தால் நட்சத்திரக்காரர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். என் ஆய்வறிக்கையில்கூட இவ்வளவு சுத்தமான தரவு கிடையாது.

வேலையை எடுத்துக்கொண்டேன். ஆறு சார்ட் தாள்களை ஒட்டி நாட்டை வரைந்தேன். மழைக்கு நீலம், வெள்ளத்துக்குக் கருநீலம், பனி உறையும் இடத்துக்கு வெள்ளை. ஏப்ரல் கடைசி வரை தெற்கு. குளிர் இறங்குவதற்குள் அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும். ஜூன் மாதத் தீ மூட்டும் திருவிழாவுக்கு வடகிழக்கு. ஆகஸ்டில் பெலேமிலிருந்து மனாவுஸுக்கு ஆற்றுப் படகு, ஐந்து நாள், கட்டிப் படுக்கிற ஊஞ்சல் துணியை நாமே கொண்டு போக வேண்டும். வடக்கே மண் சாலைகளில் மே மாதம் வரை சேறு. அதற்கு முன் அந்தப் பக்கம் நினைக்கவே கூடாது. சார்ட்டைக் கடைச் சுவரில் மாட்டினோம். ஊரே வந்து பார்த்தது.

"டாக்டர், நம்ம ஊரு எங்கே?"

"இந்தக் குண்டூசி."

"குண்டூசி தெரியுது, ஊரைக் காட்டு."

"குண்டூசிக்கு அடியில இருக்கு."

"இதுக்குத்தான் உங்கப்பன் நாலு வருஷம் உன்னைப் படிக்க வெச்சானா? ஊரை மறைக்கவா?"

கிளாரிஸ்முண்டோ வெகுநேரம் சார்ட்டைப் பார்த்துவிட்டு, "இதுல இவ திரும்பி வர்ற தேதி எந்தக் கலர்ல இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

திட்டத்தில் ஒரு குறைதான் இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவருடைய விலாசமும் இல்லை. முறைப்படி முன்கூட்டியே தெரிவித்து, அனுமதி பெற்று, தேதி குறிக்க வேண்டும் என்றேன். களப்பணியின் முதல் பாடம் அது. அத்தைக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் படித்தவன் சொன்னால் கேட்டுக்கொள்கிற தலைமுறை அவளுடையது.

தொண்ணூறு பேருக்குத் தொலைபேசி எண் கிடைத்தது. முப்பத்தெட்டுப் பேர் எடுத்தார்கள். நான் எண்களைப் போட்டுக் கொடுத்தேன், அத்தை பேசினாள்.

முதல் அழைப்பைக் குயாபாக்காரரின் மனைவி எடுத்தாள். நாங்கள் எல்லோரும் கேட்கும்படி போனைச் சத்தமாக வைத்திருந்தோம்.

"யாரு பேசறது?"

"நான்தான்மா ஓர்லாண்டினா. பெத்ரா லீசாவுல உங்க வீட்டுக்காரருக்குக் காபி குடுக்கறவ."

"காபியா? எத்தனை வருஷமாக் குடுக்கறீங்க?"

"அது ஆச்சு பன்னெண்டு வருஷம். மாசம் ரெண்டு தடவை வருவாரு."

"ரெண்டு தடவையா!" பிறகு போனுக்கு வெளியே ஒரு கூவல்: "யோவ், இங்க வாய்யா! உன் காபிக்காரி பேசறா!"

அதன் பிறகு நாங்கள் கேட்டது சமையல் பாத்திரங்களின் ஓசை. கணவர் பிழைத்தாரா என்பது இன்றுவரை தெரியவில்லை. அவருடைய நட்சத்திரத்தை மட்டும் சுற்றி ஒரு வட்டம் போட்டு வைத்தேன்.

மற்றவர்கள் அப்படியில்லை. மகிழ்ச்சியில் கத்தினார்கள். "அத்தையா! எங்க அத்தையா!" என்று சிலர் அழவும் செய்தார்கள். கட்டாயம் வர வேண்டும் என்றார்கள். வராவிட்டால் கோபித்துக்கொள்வோம் என்றார்கள். ஆனால் இந்த மாதம் மட்டும் வேண்டாம் என்றார்கள். நான் காரணங்களைப் பட்டியல் போட்டேன். மாமியார் வந்திருப்பது ஏழு. குளியலறை இடித்துக் கட்டுவது ஐந்து. நாய்க்கு உடம்பு சரியில்லாதது இரண்டு. வீட்டுக்குச் சாயம் அடிப்பது பதினொன்று. அந்த நவம்பரில் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் சாயம் அடித்துக்கொண்டிருந்தது. பஜேயில் செம்மறி விலா சொன்ன அட்ரோவால்டோவும் சாயம்தான் அடித்துக்கொண்டிருந்தார்.

"சரி, பெறகு வர்றேன். விலாசம் சொல்லு தம்பி."

"விலாசம் எதுக்கு அத்தை? ஊருக்குள்ள வந்து அட்ரோவால்டோன்னு கேளுங்க. சின்னக் கொழந்தைகூடச் சொல்லும்."

பஜேயில் ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் இருக்கிறார்கள். பெலேம்காரரும் அதையே சொன்னார். பெலேமில் பதினைந்து லட்சம் பேர்.

குயாபாக்காரர் போக மற்ற முப்பத்தேழு பேரும் ஆம் என்றார்கள். ஒருவரும் தேதி தரவில்லை. நான் எல்லாவற்றையும் அட்டவணையில் நிரப்பிப் பார்த்தபோது, அத்தைக்கு நாட்டில் எல்லா இடமும் திறந்திருந்தது, எந்த நாளும் திறந்திருக்கவில்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் கிளாரிஸ்முண்டோ அந்த மாற்றத்தைக் கவனித்தார். கடை முன்னால் எப்போதும் நாற்பது லாரி நிற்கும். இப்போது இருபது. அடுத்த வாரம் பன்னிரண்டு. அதற்கும் அடுத்த வாரம் ஆறு. அந்த ஆறும் நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊர்களின் லாரிகள். அந்த ஊர்களைச் சுற்றிப் பார்க்க யாரும் ஆசைப்பட மாட்டார்கள் என்று ஓட்டியவர்களுக்கே தெரியும். மற்றவர்கள் எங்களைத் தாண்டிப் பதினொரு கிலோமீட்டர் போய், கழிவறைக்குக் கதவில்லாத ஒரு பங்கில் நிறுத்திக் கருகிய காபி குடித்தார்கள்.

காரணம் வாட்ஸ்அப்பில் வந்தது. லாரிக்காரர்களின் குழுவில் சுற்றிய ஒரு குரல் செய்தியை யாரோ கைதவறிக் கிளாரிஸ்முண்டோவுக்கே அனுப்பிவிட்டார்கள். "அண்ணன்மாரே, பெத்ரா லீசாவுல நிக்காதீங்க. அத்தை வெலாசம் கேக்கறாங்க. தங்கமான மனுஷி, மூஞ்சியைப் பாத்து இல்லேன்னு சொல்ல முடியாது. அதனால மூஞ்சியைப் பாக்காம போயிடுங்க."

தப்பித் தவறி நின்றவர்களும் பழைய ஆட்களாக இல்லை.

"எந்த ஊரு தம்பி நீ? மறந்துட்டேனே."

"ஊருன்னு ஒண்ணும் நிலையா இல்ல அத்தை. லாரிதான் வீடு."

"பொண்டாட்டி?"

"அவளும் லாரிதான்."

கிளாரிஸ்முண்டோ தாங்க முடியாமல் ஒரு மதியம் அத்தையின் முன்னால் வந்து நின்றார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்தது அதுவே முதல் தடவை.

"அத்தை, கடற்கரையில ஒரு வாரம் ஹோட்டல் எடுத்துத் தர்றேன். ஜன்னலைத் தெறந்தா கடல். காலைச் சாப்பாடும் சேத்து. அந்த நோட்டை மட்டும் மூடி வெச்சிடு."

"அந்தக் கடலுக்கு என்னைத் தெரியுமா?" என்றாள் அத்தை.

ஆனால் அவளுக்கும் புரிந்துவிட்டது. கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் என்னைக் கூப்பிட்டு, "டாக்டர், சார்ட்டைக் கழட்டிடு" என்றாள்.

"ஏன் அத்தை?"

"பசங்களுக்குச் சங்கடமா இருக்கு. என்னால அவனுங்க கதவில்லாத கக்கூசுக்குப் போறானுங்க." கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த கோப்பையையே மறுபடி துடைத்தாள். "ஊரெல்லாம் பாக்கணும்னு பெரிய ஆசை இல்ல. டி.வி.யிலயே எல்லா ஊரும் வருது. ஆனா எனக்கு நாடு முழுக்க ஆள் இருக்குன்னு நெனச்சேன். அதுக்குத்தான் எழுதி வெச்சேன். இது பொய்யின்னா, முப்பத்தொரு வருஷமா நான் யார் வீட்டுக்கும் யாரும் இல்ல."

சார்ட்டைச் சுருட்டி அவள் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன்.

ஜனவரி இரண்டாவது சனிக்கிழமை, மழை கொட்டிக்கொண்டிருந்தது. மிச்சக் குண்டூசிகளை வாங்கிப் போக நான் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டு அறை, பின்னால் ஒரு சமையல் தாழ்வாரம், முன்னால் இரும்புக் கேட். கேட்டுக்கு வெளியே யாரோ கை தட்டினார்கள். எங்கள் பக்கம் அதுதான் அழைப்பு மணி.

"வீட்டுல யாரு?"

அத்தை எட்டிப் பார்த்தாள். பழைய கோம்பி வேன் ஒன்று, முகப்பில் பாதிச் சாயம் உரிந்து நின்றது. மழையில் நனைந்தபடி தடித்த ஒரு மனிதன், அவன் மனைவி, பத்து வயதுக்கு உட்பட்ட இரண்டு பெண்கள், குடை பிடித்த ஒரு கிழவி.

"அத்தை! நான்தான் ஜெனிவால்டோ! வடக்கே பால்சாஸ்காரன், சோயா லாரி! பொண்டாட்டி புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு ஒரு நாள் வாடான்னு சொன்னீங்களே. வந்துட்டோம்!"

"வாப்பா, வா வா, நனையாதே!" என்று கேட்டைத் திறந்தாள் அத்தை. எல்லோரும் உள்ளே நுழைந்ததும் என் கையைப் பிடித்துத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போனாள். "எப்பச் சொன்னேன்னு நோட்டுல பாரு!"

பார்த்தேன். ஜெனிவால்டோ இருந்தான். அவன் அத்தையை அழைத்தது இருந்தது; அரிசியோடு கோழி, ஒரு நட்சத்திரம். அத்தை அவனை அழைத்தது இல்லை. ஏனென்றால் மற்றவர்கள் சொன்னதைத்தான் அவள் எழுதியிருந்தாள். முப்பத்தொரு வருஷமும் ஒவ்வொருவருக்கும் "நீயும் குடும்பத்தோட வாப்பா" என்று தான் பதிலுக்குச் சொன்னதை ஒரு வரிகூட எழுதவில்லை.

"எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேன்?" என்றாள் கவலையோடு.

"எல்லார்கிட்டயும்."

அத்தை சட்டென்று கேட் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

ஒன்பது நாள் தங்கினார்கள். அத்தையின் கட்டிலில் ஜெனிவால்டோவின் மாமியார். தரை முழுவதும் பாய். அத்தை தாழ்வாரத்தில் ஊஞ்சல் துணியில். மாமியார் முதல் நாளே காபியில் சர்க்கரை அதிகம் என்றாள். முப்பத்தொரு வருஷத்தில் அதைச் சொன்ன முதல் வாய். இரண்டாம் நாளிலிருந்து அவளே போட்டாள். பெண்கள் இருவரும் என் சார்ட்டை விரித்து அமேசானுக்குள் முதலை வரைந்தார்கள். தினமும் சாயங்காலம் ஜெனிவால்டோ, "நாளைக்குக் கெளம்பலாம்னு இருக்கோம் அத்தை" என்பான். "இப்ப என்ன அவசரம்? இப்பத்தானே வந்தீங்க!" என்பாள் அத்தை. சொல்லிவிட்டுக் கடைக்கு வந்து என்னிடம் கேட்பாள்: "டாக்டர், வடக்கத்திக்காரங்க நாளைக்குன்னா எந்த நாளைக்கு?"

ஏழாம் நாள் அத்தையால் பொறுக்க முடியவில்லை. அன்று நானும் அங்கே போயிருந்தேன்; சாப்பிட்டு முடித்த நேரம், மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏம்ப்பா ஜெனிவால்டோ, வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணியிருந்தா, நானும் கொஞ்சம் ஏற்பாடா இருந்திருப்பேனே."

"பண்ணியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க அத்தை?"

அத்தை தாழ்வாரத்துச் சுவரைப் பார்த்தாள். பிறகு சிரிப்பு வயிற்றிலிருந்து புறப்பட்டு வந்து, நிற்க முடியாமல் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தாள்.

"வீட்டுக்குச் சாயம் அடிக்கறேன்னு சொல்லியிருப்பேன்!"

"அதான்!" என்றான் ஜெனிவால்டோ. "எனக்கு நீங்க நவம்பர்ல போன் பண்ணீங்களே, நான் என்ன சொன்னேன்?"

நோட்டுகளோடு இருந்த என் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். "நாய்க்கு உடம்பு சரியில்ல."

"எங்ககிட்ட நாயே இல்ல" என்றாள் அவன் மனைவி லூசினெய்டி. "போனை வெச்சதும் இந்த மனுஷனுக்கு வெக்கமாப் போச்சு. மூணு நாள் ஒழுங்கா சாப்பிடல. நான்தான் சொன்னேன்: பொய் சொன்னவன் நீ, முதல்ல நீ போய் அவங்க வாசல்ல நில்லு. அப்பத்தான் அவங்க நம்ம வாசலுக்கு வருவாங்க. வர்ற வழியிலயும் நாலு வீட்டுல தங்கினோம். எங்கேயும் சொல்லிட்டுப் போகல. போன்ல எவன் வேணும்னாலும் சாயம் அடிப்பான் அத்தை. கேட்டு முன்னால நின்னு கையைத் தட்டினா, போன்னு சொல்ற ஆளு இந்த நாட்டுல இன்னும் பொறக்கல."

"விலாசம்?" என்றேன் நான்.

"இந்த வீட்டு விலாசம் எனக்கு யார் குடுத்தா? பங்க்ல அத்தை வீடு எங்கேன்னு கேட்டேன். நாலு பேரு கை காட்டினாங்க. அஞ்சாவது ஆளு வண்டியிலயே ஏறி வந்தாரு" என்றான் ஜெனிவால்டோ.

ஆறு சார்ட் தாள், மூன்று நிற மை, முப்பத்தெட்டு அழைப்புகள் கொண்ட அட்டவணை. தவறு எங்கே என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அனுமதி கேட்ட இடத்தில். நான் பண்ணையில் வளர்ந்தவன். அங்கே யாரும் யாரிடமும் அனுமதி கேட்டு வந்ததில்லை. அதை மறப்பதற்கு எனக்கு நான்கு வருஷப் படிப்பு தேவைப்பட்டிருக்கிறது. ஆனாலும் மழையைப் பற்றிய என் நீல நிறம் சரியானது. அதில் நான் ஒரு கோடுகூட விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒன்பதாம் நாள் கோம்பி கிளம்பியபோது அதில் ஆறு பேர் இருந்தார்கள். அவர்கள் தெற்கே, ஜெனிவால்டோவின் மச்சான் ஊருக்குப் போனார்கள். அங்கிருந்து பஜே ஒரு பகல் பஸ் பயணம். அத்தை ஒரு பை எடுத்துக்கொண்டாள். காபி வடிகட்டும் துணி, ஒரு ஸ்வெட்டர், இரட்டை நட்சத்திரக்காரர்களின் பெயர் எழுதிய ஒற்றைத் தாள். நோட்டுகளை என்னிடம் கொடுத்தாள். என் சார்ட்டில் ஒரு துண்டைக் கிழித்து வழிக்கு சீஸ் பன் பொதிந்துகொண்டாள். மத்தியப் பீடபூமி, எண்ணெய் பட்டு ஊடுருவித் தெரிந்தது.

"சொல்லிட்டுப் போயேன் அத்தை, திரும்பி எப்ப?" என்று வேனின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார் கிளாரிஸ்முண்டோ.

"ஒரு நாள் கடைப் பக்கம் வர்றேன்" என்றாள் அத்தை. அந்த வார்த்தைக்கு எங்கள் ஊரில் என்ன பொருள் என்று தெரிந்ததால், அவர் முகம் வாடிவிட்டது.

ஆனால் மறுநாளே கடை முன்னால் முப்பது லாரி. எல்லோரும் அத்தையை உருக்கமாக விசாரித்தார்கள். "அத்தை இல்லையா? ஐயோ, பாக்கணும்னே வந்தேனே! எந்தப் பக்கம் போயிருக்காங்க?" தெற்கே என்று சொன்னதும், வடக்கத்திக்காரர்கள் நிம்மதியாக இன்னொரு காபி கேட்டார்கள். தெற்கத்திக்காரர்கள் குடித்துக்கொண்டிருந்ததை அப்படியே வைத்துவிட்டு, வீட்டுக்குப் போன் போட வெளியே போனார்கள்.

பிப்ரவரி கடைசியில் எனக்கு ஓர் அழைப்பு வந்தது. தெற்குக் கோடி எண். குரல் கிசுகிசுத்தது.

"டாக்டர்தானே? நான் பஜேயிலேர்ந்து அட்ரோவால்டோ."

"சொல்லுங்க அண்ணே. வீட்டுக்குச் சாயம் அடிச்சு முடிச்சாச்சா?"

"அத்தையும் வந்ததும் அதான் கேட்டாங்க. கேட்டுல நின்னு செவுத்தையே பாத்தாங்க. 'நல்லா அடிச்சிருக்கப்பா'ன்னாங்க. அந்தச் செவுரு பத்து வருஷமா அப்படியேதான் இருக்கு டாக்டர்."

"வீட்டை எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

"பஸ் நிலையத்துல கேட்டாங்களாம். நான்தான் எல்லாருக்கும் என்னைத் தெரியும்னு சொல்லியிருந்தேன். தெரிஞ்சிருக்கு."

"செம்மறி?"

"வந்த அன்னைக்கே வெட்டியாச்சு. பெறகு இன்னொண்ணும்." பின்னாலிருந்து அத்தையின் சிரிப்பும் ஒரு பெண்ணின் சிரிப்பும் கேட்டன. "என் வீட்டுக்காரி அவங்களை விட்டு நகர மாட்டேங்கறா. நான் லாரி ஓட்டின கதையெல்லாம் அத்தை சொல்றாங்க. எனக்கே தெரியாத கதையெல்லாம் இருக்கு. எத்தனை தடவை அந்தக் கடையில உக்காந்து வீட்டை நெனச்சு அழுதேன்னு வரைக்கும் சொல்லிட்டாங்க." தொண்டையைச் செருமினார். "ஆமா டாக்டர், நீங்க ஒரு அட்டவணை போட்டீங்களாமே. அதுல அவங்க இங்கேர்ந்து எப்பக் கெளம்பறாங்கன்னு... போகச் சொல்லல! தப்பா எடுத்துக்காதீங்க. சும்மா தெரிஞ்சுக்கலாமேன்னு."

சார்ட்டில் மிஞ்சியிருந்ததை எடுத்து விரித்தேன். பட்டம் வாங்கியதன் முழுப் பயனும் அந்த நிமிடம்தான் எனக்குக் கிடைத்தது.

"அண்ணே, இது நான் சொல்றதில்ல, அறிவியல் சொல்றது. வடக்கே மே வரைக்கும் மழை. ஏப்ரல் கடைசிக்கு முன்னாடி அவங்க தெற்கை விட்டு நகரக் கூடாது."

"ஏப்ரல் கடைசி" என்றார் அவர். பிறகு, நல்ல மனிதர், உடனே சமாளித்துக்கொண்டார். "அதான், இப்ப என்ன அவசரம்னு நானும் தெனம் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்."

போனை வைக்கப் போகும்போது குரல் இன்னும் இறங்கியது. "டாக்டர், அந்த நோட்டெல்லாம் உங்ககிட்டத்தானே இருக்கு? பெலோட்டாஸ்ல ஒருத்தன் இருக்கான், வால்மோர்னு பேரு, அரிசி லாரி. அவன் அத்தையை எப்பவாவது கூப்பிட்டிருக்கானான்னு பாத்துச் சொல்லுங்களேன்."

பார்த்தேன். ஒன்பதாவது நோட்டில் இருந்தார். அழைத்திருந்தார், ஏரி மீன் சுட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார், மனைவி சந்தோஷப்படுவாள் என்றும் சொல்லியிருந்தார்.

"ரெண்டு நட்சத்திரம் அண்ணே. ஆனா வெலாசம் இல்ல."

"அது என்கிட்ட இருக்கு" என்றார் அட்ரோவால்டோ. "பேனா எடுங்க."